வெப்பத்துக்கும் எட்டு அணைக்கட்டு வேண்டும்

பாளையங்கோட்டையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: சூழலுக்கு உகந்த தொழிற்பூங்கா வந்தால் பக்கத்து நகரத்தின் எரிசக்திச் செலவு உண்மையிலேயே குறையுமா? கங்கைகொண்டான் தொழிற்பூங்காவை அப்படி மாற்றினால் பக்கத்திலுள்ள திருநெல்வேலிக்கு என்ன கிடைக்கும்? மரம் நடுவதையும் கூரையில் சோலார் பொருத்துவதையும் தாண்டி அதில் என்ன இருக்கிறது? இதையே தன் திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

குறையும் தம்பி. ஆனால் எவ்வளவு குறையும் என்பது பூங்காவுக்கு வைத்த பெயரைப் பொறுத்ததில்லை. எந்த ஆலைக்கு அடுத்த மனை எந்த ஆலைக்குக் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இருபத்தாறு வருடமாக எரிசக்தித் தணிக்கைக்காக இந்த வட்டாரத்து அரிசி ஆலை, நூற்பாலை, வார்ப்படப் பட்டறை என்று ஏறி இறங்கியவன் நான். ஒரு ஆலைக்குள் நுழைந்து அதன் மோட்டாரையும் பாய்லரையும் சரிசெய்தால் பத்து சதவீதம், கொஞ்சம் முயன்றால் பதினைந்து சதவீதம் மிச்சப்படும். அதற்கு மேல் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தொழிற்பூங்காவின் பயன் அந்தச் சுவரில்தான் தொடங்குகிறது.

நம் ஆற்றை வைத்தே சொல்கிறேன். பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை அதற்கு முந்தியவை. மேலே ஒரு வாய்க்காலில் பாய்ந்த தண்ணீரில் வயல் குடித்தது போக மீதி வடிந்து, ஓடை வழியாக ஆற்றுக்கே திரும்பி, அடுத்த அணைக்கட்டில் இன்னொரு வாய்க்காலுக்கு ஏறுகிறது. வயலுக்குப் போகும் முன்பே அந்தத் தண்ணீர் இன்னொரு வேலையும் செய்துவிட்டுத்தான் வருகிறது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை அமைத்தது மலையிலிருந்து விழும் நீரின் விசையை நம்பித்தான். 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. நூற்பாலைக் கதிரைச் சுழற்றி, விளக்கை எரித்து, பிறகு கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லையும் விளைவித்த ஆறு இது. ஒரு வேலை முடிந்ததும் அதைக் கடலுக்கு விட்டுவிடலாம் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை.

வெப்பமும் இப்படி மேலிருந்து கீழே இறங்குவதுதான். தாழையூத்துச் சிமெண்ட் ஆலை போன்ற ஓர் ஆலையின் சூளைக்குள் சுண்ணாம்புக்கல் கிளிங்கர் என்ற சிமெண்ட் மூலக்கட்டியாக மாற ஏறத்தாழ 1,450 டிகிரி வேண்டும். சூளையை விட்டு வெளியேறும் புகையில் இன்னும் 300 டிகிரி அளவுக்கு வெப்பம் இருக்கும். அதில் நீராவி செய்து டர்பைனை ஓட்டலாம். டர்பைனை விட்டு வரும் 150 டிகிரி நீராவியில் துணிக்குச் சாயம் ஏற்றலாம், டயரை வேகவைக்கலாம். அங்கிருந்து வடியும் 90 டிகிரி வெந்நீரில் நெல் ஊறவைக்கலாம், பாட்டில் கழுவலாம். 55 டிகிரிக்கு இறங்கிய பிறகும் மிளகாயையோ முருங்கைக் கீரையையோ உலர்த்துகிற சூடு அதில் இருக்கும். நாம் இன்று செய்வது என்ன? 1,450 டிகிரிக்கு ஒருவர் தனியாக எரிக்கிறார். 150 டிகிரிக்கு இன்னொருவர் தனியாக விறகு வாங்குகிறார். 55 டிகிரிக்கு மூன்றாமவர் மின்சார ஹீட்டர் போடுகிறார். எட்டு அணைக்கட்டுக்கும் எட்டு ஆறு வெட்டியதற்குச் சமம் இது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே ஒரு புழுங்கல் அரிசி ஆலைக்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். ஐப்பசி மாதம், நான்கு நாளாக விடாத அடைமழை. அவர்களுக்கு எரிபொருள் உமிதான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் கிடைக்கும். சொந்த உமி என்பதால் அதை மிச்சப்படுத்தும் எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. புகைபோக்கியில் வெப்பமானியைச் செருகினால் 230 டிகிரி காட்டியது. ஊறல் தொட்டியிலிருந்து திறந்துவிட்ட வெந்நீர் ஆவி பறக்கச் சாக்கடையில் ஓடியது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் நான்கைந்து பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அப்பளக் கூடம். தேய்த்த அப்பளம் பாய் பாயாக விரித்தபடி காயாமல் கிடந்தது; ஓரங்களில் சாம்பல் நிறப் பூஞ்சை ஏறத் தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் மாதம் பத்து நாள் இப்படித்தான் என்றார் அதில் மூத்தவர். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் வெப்பம் வானத்துக்குப் போகிறது. அந்தப் பக்கம் வெப்பம் இல்லாமல் நான்கு குடும்பத்து அடுப்பு அணைகிறது. இரண்டுக்கும் இடையில் ஒன்பது அங்குலச் செங்கல். அன்று எனக்கு ஏற்பட்ட மனவருத்தம் இன்னும் போகவில்லை.

ஆலைக்காரரை இசைய வைக்க ஐந்து மாதம் ஆனது. புகை நேராக அப்பளத்தின் மேல் படக்கூடாது என்பதால் புகைபோக்கிப் பாதையில் குழாய்க் கட்டு ஒன்றைப் பொருத்தினோம். புகை குழாய்க்கு வெளியே போகும், சுத்தமான காற்று குழாய்க்கு உள்ளே போகும். அந்தக் காற்றை ஒரு விசிறி நாற்பது மீட்டர் தள்ளி அப்பளக் கூடத்துக்குள் ஊதியது. கூடத்தில் 52, 53 டிகிரி நின்றது. அப்பளம் மூன்று மணி நேரத்தில் காய்ந்தது. ஆலைக்காரருக்கு மாதா மாதம் ஒரு தொகை. அப்பளக் கூடத்துக்கு மழைக்காலத்திலும் வேலை. புதிதாக ஒரு கிலோ எரிபொருள்கூட எரிக்கவில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கலும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெல் வரத்து குறைந்த மாதங்களில் ஆலை நான்கு நாளுக்கு ஒருமுறைதான் ஓடியது. ஆலை ஓடாத நாளெல்லாம் கூடத்தில் வெப்பம் இல்லை. கடைசியில் அவர்கள் ஒரு சிறிய விறகு அடுப்பையும் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பக்கத்து ஆலையை நம்பித் தொழில் செய்பவருக்கு மாற்று வழி ஒன்று எப்போதும் தேவை. பூங்கா அளவில் திட்டமிட்டால் ஒரே ஆலையை நம்பாமல் மூன்று, நான்கு ஆலைகளின் வெப்பத்தை ஒரே குழாயில் சேர்க்கலாம்.

இங்கேதான் அடுத்தடுத்த மனை என்ற விஷயம் வருகிறது. அந்தக் காலத்தில் காலையில் அடுப்பு மூட்டப் பக்கத்து வீட்டுக்குச் சிரட்டையில் நெருப்பு வாங்கப் போவார்கள். பக்கத்து வீட்டுக்குத்தான் போவார்கள். அடுத்த ஊருக்குப் போனால் வரும் வழியிலேயே கங்கு அணைந்துவிடும். நீராவியும் அப்படியே. நல்ல காப்புறை போட்ட குழாயில்கூட இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேல் அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. வெந்நீர் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஆகவே வெப்பம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் முதல் நாளிலேயே பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். மனை ஒதுக்கும்போது வந்தவர் வரிசையில் கொடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து ஆலோசகரை வைத்து "வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றால் நடக்காது. அப்போது நடுவில் சாலை இருக்கும், மழைநீர் ஓடை இருக்கும், வேறொருவர் மனை இருக்கும்.

பொருள்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாம்பல் லாரியில் ஏறும்; நீராவி ஏறாது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். அங்கே நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் உலர்சாம்பலைச் சிமெண்டோடு கலக்கலாம். இந்தியத் தரவிதிப்படி இந்தக் கலப்புச் சிமெண்டில் சாம்பல் 35 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு கிலோ கிளிங்கர் செய்ய 700 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஒரு டன் சிமெண்டில் 300 கிலோ கிளிங்கருக்குப் பதில் சாம்பல் சேர்த்தால் நாற்பது கிலோ அளவுக்கு நிலக்கரி மிச்சம். சாம்பலைத் தூத்துக்குடியிலிருந்து தாழையூத்துக்குக் கொண்டுவர ஆகும் டீசலைக் கழித்தாலும் லாபம்தான். 300 கிலோவுக்கு அரை லிட்டர்கூட ஆகாது. திருநெல்வேலியில் வீடு கட்டுகிறவர் வாங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் இந்த மிச்சம் இருக்கிறது. நகரத்தின் எரிசக்தி என்றால் மின்கட்டண அட்டையை மட்டும் பார்க்கிறோம். நகரம் எழும்புகிற செங்கலிலும் சிமெண்டிலும் கம்பியிலும் நிறைய எரிசக்தி புதைந்திருக்கிறது.

1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே உர ஆலையும் சோடா உப்பு ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. அம்மோனியா செய்யும்போது கழிவாக வெளிவரும் கரியமில வாயு, சோடா உப்புக்கு மூலப்பொருள். 2016-இல் அந்தச் சோடா உப்பு ஆலை இன்னொரு படி போய், தன் பாய்லர் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக மாற்றத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திறனுள்ள அந்த ஏற்பாட்டைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. தொழில் கூட்டுறவுக்குப் பாடம் படிக்க நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு மணி நேர பஸ் பயணம் போதும்.

இருந்தாலும் டென்மார்க்கின் காலுண்ட்போர்க் நகரத்தைச் சொல்லாமல் விட முடியாது. உலகமெல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஊர் அது. மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ஜிப்சம் பலகை ஆலை, மருந்து ஆலை, நகராட்சி ஆகியவை 1960-களிலும் 70-களிலும் தொடங்கி ஒன்றோடொன்று குழாய் போட்டுக்கொண்டன. யாரும் மேலிருந்து திட்டம் தீட்டவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறையும் செலவும்தான் அவர்களை ஒன்றுசேர்த்தன. மின் நிலையத்து வெப்பம் ஊருக்குள் குழாயில் போனதும் குளிருக்கு வீடுகளைச் சூடேற்றிய சுமார் 3,500 எண்ணெய் அடுப்புகளை அணைத்துவிட்டார்கள். தொழிற்பூங்கா நகரத்தின் எரிசக்தியை நேரடியாகக் குறைத்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால் அதை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. சித்திரையில் கொக்கிரகுளத்தில் குடியிருப்பவருக்குக் குழாயில் வெப்பம் அனுப்பினால் யார் வாங்குவார்? நமக்கு வேண்டியது குளிர்ச்சி. வெப்பத்தைக் கொண்டு குளிர்ச்சி செய்ய முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். லித்தியம் புரோமைடு உப்புக்கரைசலை வைத்து இயங்கும் உறிஞ்சுகைக் குளிர்விப்பான் இருக்கிறது. 90 டிகிரி வெந்நீர் கொடுத்தால் 7 டிகிரி குளிர்ந்த நீர் தரும். கம்ப்ரசர் கிடையாது; பம்புகளுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம். பத்துப் பங்கு வெப்பம் கொடுத்தால் ஏழு பங்கு குளிர்ச்சிதான் கிடைக்கும். ஆனால் அந்த வெப்பம் எப்படியும் வீணாகப் போவதுதானே.

இந்த 7 டிகிரி நமக்கு எதற்கு என்று கேட்டால் களக்காடு, ஏர்வாடிப் பக்கத்து வாழை விவசாயி பதில் சொல்வார். வாழைத்தாரை 13, 14 டிகிரியில் வைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், மேலே போனால் பழுத்துவிடும். 7 டிகிரி நீர் அதற்குக் கச்சிதம். விலை வீழ்ந்த வாரத்தில் தாரை வெட்டி வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூங்காவுக்குள் வெப்பம் கழிக்கும் ஆலைக்கு அடுத்த மனையை வாழைக் குளிர்பதனக் கிடங்குக்குக் கொடுத்தால், மின்வாரியத்திடம் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தக் கிடங்குக்குத் தேவைப்படாது. மீனுக்கு இது போதாது; உறைநிலைக்குக் கீழே போக அம்மோனியா முறை வேண்டும், அதன் செலவும் பராமரிப்பும் வேறு. நம் ஊர்த் தொழிற்பூங்காவுக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் இந்த வாழைக் கிடங்கைத்தான் சொல்வேன்.

தண்ணீரும் எரிசக்திதான். ஒரு கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி 0.27 யூனிட், பம்பின் திறனையும் சேர்த்தால் அரை யூனிட்டுக்குப் பக்கம் வரும். உள்ளாட்சிகளின் மின்கட்டணத்தில் தெருவிளக்கோடு போட்டி போடுவது தண்ணீர்ப் பம்புதான். ஆலைக்கும் ஆற்றுத் தண்ணீர், நகரத்துக்கும் ஆற்றுத் தண்ணீர், வயலுக்கும் அதே ஆற்றுத் தண்ணீர் என்று இருப்பதால்தான் இங்கே தொழிற்பூங்கா என்றாலே மக்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். திருநெல்வேலியின் கழிவுநீர் இராமையன்பட்டிக்குப் போகிறது. அதை ஆலைத் தரத்துக்குச் சுத்திகரித்துக் கங்கைகொண்டானுக்குக் கொடுப்பதுதான் முறை. சுத்திகரிக்கவும் மின்சாரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஒரு கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. கழிவுநீருக்கு அதில் பாதிகூட ஆகாது. ஆற்றில் மிச்சமாகும் தண்ணீர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போகும்.

பொதுவசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். பத்துச் சின்ன பாய்லருக்குப் பதில் ஒரு பெரிய பாய்லர் வைத்தால் திறன் கூடும், ஆளைப் போட்டுப் பராமரிக்கலாம். பாய்லருக்குள் போகும் தண்ணீரை 6 டிகிரி முன்கூட்டியே சூடேற்றினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். புகையின் சூட்டை 22 டிகிரி இறக்கினாலும் அதே ஒரு சதவீதம். தனித்தனிச் சிறு ஆலைகளில் இதையெல்லாம் கவனிக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரசரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பேட்டையில் ஒரு பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். வேலை கிடையாது, எல்லா இயந்திரமும் நின்றிருந்தது. ஆனால் "ஸ்ஸ்" என்று பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் தானாக ஓடி நின்றது. சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பதினோரு இடத்தில் நுரை பொங்கியது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஏறத்தாழ 3 கிலோவாட்டைத் தின்னும். இரவும் பகலும் திறந்திருந்தால் நாளுக்கு 72 யூனிட். பத்து வீடுகளுக்காவது போதுமான மின்சாரம் ஒரு பட்டறைக் கூரைக்கு அடியில் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் நல்ல மனிதர், சிக்கனக்காரர். விளக்கைக்கூட அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். காற்றுக்குக் காசு உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பூங்காவில் பொதுவாக ஒரு எரிசக்தி மேலாளர் இருந்து, மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரோடு சுற்றி வந்தால் அவருடைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு திரும்பி வரும். பெரிய ஆலைகளுக்கு 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி இலக்கும் தணிக்கையும் இருக்கின்றன. சிறு தொழில்களைக் கேட்பாரில்லை.

மின்சாரத்தில், எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். நம் பக்கம் காற்றாலைகளின் ஊர். வைகாசி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் காற்று வந்து கயத்தாறிலும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் இறக்கைகளைச் சுழற்றும், புரட்டாசியில் அடங்கும். சூரிய மின்சாரம் நண்பகலில் குவியும். ஆனால் வீடுகளில் விளக்கும் மிக்சியும் ஏசியும் ஒன்றாக எழும்புவது மாலை ஆறு மணிக்குப் பிறகு. அதே நேரத்தில் ஆலைகளும் முழு வேகத்தில் ஓடினால் டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் சூடேறி, வழியிலேயே இழப்பு கூடும். கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் போல ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உயர்மின்னழுத்த இணைப்புகளுக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம். பூங்காவில் குளிர்பதனக் கிடங்கும், பனிக்கட்டித் தயாரிப்பும், நீரேற்றும் பம்பும் நண்பகலிலும் நள்ளிரவிலும் ஓடி மாலையில் ஓய்ந்திருந்தால், தச்சநல்லூரில் விளக்கு மங்காது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியே இதைச் செய்வது கடினம். பூங்கா ஒரே மின்தேவையாகத் தன்னை நடத்திக்கொண்டால் முடியும்.

போக்குவரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து கங்கைகொண்டான் பதினெட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் தனித்தனியே மோட்டார் சைக்கிளில் போய் வந்தால் ஒரு நாளைக்கு எழுநூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல். அதே ஆயிரம் பேர் இருபது பஸ்ஸில் போனால் நூற்றறுபது லிட்டர் டீசல். கங்கைகொண்டானிலும் தாழையூத்திலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஷிப்டு மாறும் நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு பாசஞ்சர் ரயில் விட்டால் இந்தக் கணக்கு இன்னும் குறையும். நான்கு வழிச்சாலையில் இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி வரும் பிள்ளைகளின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

இனி ஏமாறக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, எல்லைக்கோட்டுக் கணக்கு. ஊருக்குள் இருந்த பட்டறையைப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டால் மாநகராட்சி எல்லைக்குள் மின்செலவு குறைந்ததாகக் காகிதத்தில் தெரியும். எரிப்பது எங்கே எரித்தாலும் எரிப்புதான். போக்குவரத்து வேறு கூடியிருக்கும். திட்டப்பணியில் நகரத்தையும் பூங்காவையும் ஒரே வட்டத்துக்குள் போட்டுக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது, சூழலுக்கு நல்லது எல்லாமே எரிசக்திக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. திருப்பூரில் நொய்யல் கெட்டு, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு இல்லாமல் மறுபடி திறக்க முடியாது என்றானது. ஆற்றுக்கு அது தேவையான மருந்து. ஆனால் உப்பு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் அந்த முறை விறகையும் மின்சாரத்தையும் ஏராளமாகக் கேட்கிறது. ஆற்றைக் காப்பதற்காக அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். அதை எரிசக்திச் சேமிப்பு என்று பெயர் மாற்றிச் சொல்லக் கூடாது. அந்த ஆவியாக்கிக்குப் பக்கத்து ஆலையின் கழிவு வெப்பத்தைக் கொடுத்தால் இரண்டு நன்மையும் சேரும். மறுபடியும் அடுத்த மனை யாருக்கு என்ற கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

மூன்றாவது, என்ன பொருள் செய்கிறார்கள் என்பதை வைத்துப் பூங்காவைப் பசுமை என்று சொல்வது. கங்கைகொண்டானில் 4,300 மெகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலமும் தகடும் செய்யும் டாடா பவர் ஆலை வந்திருக்கிறது. நாட்டுக்கே பெருமையான ஆலை. நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஆனால் சூரிய மின்கலம் செய்வதற்கு மிகத் தூய்மையான நீரும், இருபத்துநான்கு மணி நேரமும் சீரான குளிர்ந்த காற்றும் வேண்டும். எந்த ஊரில் அமைந்தாலும் இந்த வகை ஆலை நிறைய மின்சாரம் கேட்கும். அது செய்யும் பொருள் உலகத்துக்கு மிச்சம் பிடிக்கும்; ஆலைக்குள் மிச்சம் பிடிப்பது தனி வேலை. அதே பூங்காவில் டயர் செய்கிறார்கள், பானம் நிரப்புகிறார்கள். டயர் வேகவைக்கும் தொழிலில் நீராவி வேண்டும், வெந்நீர் மிஞ்சும். பானம் நிரப்பும் தொழிலில் கழுவ வெந்நீர் வேண்டும். மின்கலத் தொழிலுக்குக் குளிர்ச்சி வேண்டும். வெப்பம் மேலிருந்து கீழே இறங்கும் என்று மேலே சொன்னேனே, அந்தப் படிகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. படிகளுக்கு இடையே குழாய் போடும் தூரம்தான் கேள்வி.

தம்பி, திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுப் பூங்காவையும் எடுக்காதீர்கள். மூன்று ஆலை போதும், சின்ன ஆலைகளாக இருந்தால் இன்னும் நல்லது, கதவைத் திறப்பார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு அளவு எடுங்கள்: புகைபோக்கியின் வெப்பம், சாக்கடைக்குப் போகும் நீரின் வெப்பமும் அளவும், ஒரு நாளில் மணி வாரியாக மின்தேவை, பக்கத்து ஆலையின் பாய்லர் அறைக்கு உள்ள தூரம். தூரத்தை வரைபடத்தில் அளக்க வேண்டாம், நடந்து அளங்கள். நடுவில் சாலை இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, யாருடைய சுவர் என்பது அப்போதுதான் தெரியும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் போங்கள், இரண்டு பருவத்திலும் வெப்பத்தின் தேவை ஒன்றாக இருக்காது. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கூடத்தையும் பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், அழைத்துப் போகிறேன். மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போவோம்.